மறு: டிஸ்ஸென்டர், லே பிரீச்சர், கன்வென்டிகிள்: தமிழில் எப்படி?

குழுவினருக்கு வணக்கம். நம் பாடநூலின் கலைச்சொல் பட்டியலுக்காகப் பேசிக்கொண்டிருக்கும் மூன்று சொற்கள் இவை: டிஸ்ஸென்டர் என்றால் அரசு ஏற்ற திருச்சபையைச் சேராதவர், லே பிரீச்சர் என்றால் குருப்பட்டம் பெறாமல் பிரசங்கிப்பவர், கன்வென்டிகிள் என்றால் அந்தத் திருச்சபையின் ஒழுங்குக்கு வெளியே கூடும் வழிபாட்டுக் கூட்டம். வந்த கருத்துகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> மூன்றுக்கும் சேர்த்து 'பிரிவினைப் பிரசங்கி' என்று வைத்துவிடலாம். பாடநூலுக்கு அது போதும்.

போதாது ஐயா. சபையை விட்டுப் பிரிவது ஒன்று, உத்தரவு இல்லாமல் பிரசங்கம் செய்வது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் வரும், சேராமலும் வரும். ஒரே சொல்லில் இரண்டையும் திணித்தால் பாடநூலின் முதல் அத்தியாயம் முடிவதற்குள் மாட்டிக்கொள்வோம்.

அமெரிக்காவில் அன்று ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவில் 1747இல் சாமுவேல் டேவிஸ் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் தலைநகர் வில்லியம்ஸ்பர்க் போய் முறைப்படி உரிமம் வாங்கிவந்து ஹானோவர் கவுன்டியில் பிரசங்கித்தார். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர், ஆனால் உரிமம் உள்ளவர். நார்வேயில் குருப்பட்டமும் உத்தரவும் இல்லாமல் பிரசங்கித்த ஹான்ஸ் நீல்சன் ஹௌகே நேர் எதிர். லுத்தரன் சபையை விட்டு அவர் விலகவே இல்லை. தன் பேச்சைக் கேட்டவர்களையும் விலகாதீர்கள் என்றே சொன்னார். இருந்தும் வருடக்கணக்கில் சிறையில் கிடந்தார்.

இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய இயக்கத்தாரான மெதடிஸ்டுகள் பாடு இன்னும் வேடிக்கை. 1689இன் சகிப்புச் சட்டம் டிஸ்ஸென்டர்களுக்குத்தான் பாதுகாப்பு கொடுத்தது. 'நாங்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் பிள்ளைகள்' என்று சொல்லிக்கொண்டிருந்த வெஸ்லியின் ஆட்கள் அந்த உரிமத்தைக் கேட்டால், இல்லாத பிரிவினையைத் தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். கேட்காவிட்டால் பிரசங்கியார் மேல் வழக்கு வரும். 1787இல் வெஸ்லி ஒருவழியாக இறங்கிவந்தார். கூடங்களுக்கும் ஊர் ஊராகப் போகும் பிரசங்கியார்களுக்கும் உரிமம் வாங்குங்கள், ஆனால் டிஸ்ஸென்டர் என்று எழுதாதீர்கள், 'சுவிசேஷத்தைப் பிரசங்கிப்பவர்' என்று மட்டும் எழுதுங்கள் என்றார். அவரே மறுத்த பட்டத்தை 'பிரிவினைப் பிரசங்கி' என்று நாம் தமிழில் சூட்டுவது நியாயமா?

> 'பதிதர்' என்ற பழைய சொல் கைவசம் இருக்கிறதே? வேதாகமத்தில் 'வேதப்புரட்டன்' கூட உண்டு. புதிதாக எதற்கு?

இரண்டும் வசவுகள். வீரமாமுனிவர் காலத்தில் கத்தோலிக்கர்கள் தரங்கம்பாடி லுத்தரன்களைத் தாக்கியபோது புழங்கிய மொழி அது. கொள்கையில் பிசகியவன் என்ற தீர்ப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாம் பேசும் வழக்குகளிலோ சட்டத்தின் கண்ணில் பட்டது கொள்கைப் பிசகை விட ஒழுங்குமீறல்தான்.

இரட்சணிய யாத்திரிகத்தின் வழியாக நமக்குத் தெரிந்த ஜான் பன்யனையே பாருங்கள். பாத்திரங்களுக்கு ஒட்டுப் போட்டுப் பிழைத்தவர். 1660 நவம்பரில் பெட்ஃபோர்டுஷயரில் ஒரு பண்ணை வீட்டுக் கூட்டத்தில் பேச வந்த இடத்தில் பிடித்தார்கள். விசாரணையில் இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூலான பொது ஜெபப் புத்தகத்தைப் பற்றி வாக்குவாதம் நடந்தது உண்மை. ஆனால் குற்றச்சாட்டு இரண்டே: பங்குக் கோயில் ஆராதனைக்கு வருவதில்லை, சட்டவிரோதக் கூட்டங்கள் நடத்துகிறார். எடுத்த சட்டமும் எலிசபெத் ராணி காலத்தது, 1593இல் போட்டது. மூன்று மாதம் சிறை, அதற்கும் மசியாவிட்டால் நாடு கடத்தல், உத்தரவின்றித் திரும்பி வந்தால் தூக்கு. இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவர் சொல்லவில்லை; பன்னிரண்டு வருடம் போயிற்று. நம்பிக்கையை மாற்றிக்கொள் என்று கேட்டிருந்தால் 'வேதப்புரட்டன்' பொருந்தும். வாயை மூடு என்றுதானே கேட்டார்கள்?

ஆகவே இணங்க மறுத்ததை மட்டும் சொல்லும் ஒரு சொல் வேண்டும். 'இணங்கார்' என்று நண்பர் ஒருவர் முன்வைத்தார். கேட்க அழகுதான். சிக்கல் நம் மொழியில் இருக்கிறது. ஒன்னார், ஒட்டார், நண்ணார், மேவார் என்று சேராதவர்களைக் குறிக்கும் சொற்களையெல்லாம் புலவர்கள் பகைவர் கணக்கில் எழுதிவிட்டார்கள். இணங்காரும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். சபையைச் சேர்த்து 'இணங்காச் சபையார்' என்றால் பகை வாடை போய்விடுகிறது. எதற்கு இணங்கவில்லை என்பதும் தெரிகிறது: 1662இன் ஒருமைச் சட்டத்துக்கு. பொது ஜெபப் புத்தகத்தில் உள்ள அத்தனைக்கும் சம்மதம் என்று அந்த வருடம் ஆகஸ்ட் 24க்குள் குருமார் உறுதி சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்டது. 1660க்கும் 62க்கும் இடையில் இடம் இழந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்.

அந்த 2,000 பேரில் பெரும்பாலோர் பல்கலைக்கழகம் போய் இறையியல் படித்து, பங்குகளில் பொறுப்பு வகித்தவர்கள். அவர்களைப் 'பாமரப் பிரசங்கிகள்' என்று பாடநூலில் எழுதினால் வரலாறு படித்தவர்கள் சிரிப்பார்கள்.

> லே என்றால் பாமரர்தானே? அகராதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

அகராதியில் இருக்கலாம். பாமரர் என்றால் படிக்காதவர் என்றுதான் தெருவில் அர்த்தம். எதிராளிகள் அப்படித்தான் கேலி செய்தார்கள். அந்தக் கேலியை நாம் ஏன் கலைச்சொல்லாக்க வேண்டும்? ஹௌகே குடியானவர் மகன், நடந்துகொண்டே கையுறை பின்னுவார் என்று சொல்வார்கள். ஆனால் புத்தகம் புத்தகமாக எழுதி அச்சிட்டுப் பரப்பியவர். கத்தோலிக்கத் திருச்சபையில் 'பொதுநிலையினர்' என்ற சொல் நன்றாகவே ஊன்றிவிட்டது. சி.எஸ்.ஐ. பக்கம் அது அவ்வளவு பழக்கம் இல்லை என்றாலும் கேட்டால் புரியும். 'பொதுநிலைப் பிரசங்கியார்' இருக்கட்டும்.

'உபதேசியார்' வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. நெல்லைப் பக்கத்தில் உபதேசியார் குருப்பட்டம் பெறாதவர்தான், பிரசங்கமும் செய்வார்தான். ஆனால் மிஷன் வைத்த ஆள், சம்பளம் மிஷனில் வாங்குவார், ஐயர், அதாவது மிஷன் குருவானவர், சொன்ன ஊருக்குப் போவார். உத்தரவு உள்ள பொதுநிலைப் பிரசங்கியார் அவர். நமக்கு வேண்டியது உத்தரவு இல்லாத ஆளுக்கான சொல்.

> அப்படியானால் சட்டாம்பிள்ளையை எங்கே வைப்பீர்கள்?

நல்ல கேள்வி. நாசரேத்து வட்டாரத்தில் 1857இல் மிஷனரிகளை விட்டு விலகித் தனிச் சபை கண்டு, சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கியவர் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை. பிரிவினை அங்கே முழுதாக இருக்கிறது. உரிமக் கேள்வி எழவே இல்லை. பிரசங்கிக்கச் சீட்டு வாங்கி வா என்று கேட்கும் சட்டம் அங்கே கிடையாது. அவரை இந்த அத்தியாயத்துக்குள் இழுக்காமல் இருப்பதே நல்லது.

இனி உரிமம். சண்டையின் சூடெல்லாம் இங்கேதான். 'உரிமம்' என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகர முடியாததும் இங்கேதான்.

மேற்கு ஐரோப்பாவின் பழைய வழக்கில் பிரசங்கிக்க அனுமதி தருபவர் ஆயர். லியோன் நகரத்து வால்டோவின் கூட்டத்தார் சொத்தை விட்டு ஏழ்மையில் வாழ்ந்ததை 1179இல் போப் மூன்றாம் அலெக்சாந்தர் பாராட்டினார். ஆனால் அந்தந்த ஊர்க் குருமார் அழைத்தால் மட்டும் பேசுங்கள் என்றார். அவர்கள் அடங்கவில்லை. 1184இல் வெரோனாவில் வெளிவந்த ஆணை, அனுமதியின்றிப் பிரசங்கிப்பவர்களையே கண்டனப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இங்கிலாந்தில் ஜான் விக்ளிஃபின் வழிவந்த லொல்லார்டுகளை ஒடுக்க 1409இல் ஆர்ச்பிஷப் அருண்டெல் கொண்டுவந்த விதிகளும் இதையே சொல்கின்றன: ஆயரின் சீட்டில்லாமல் பிரசங்க பீடம் ஏறக்கூடாது. இதற்கு 'ஆயர் இசைவு' பொருந்தும்.

1672 மார்ச்சில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் தந்தது வேறு. பாராளுமன்றத்தைக் கேட்காமல், ஒடுக்கும் சட்டங்களை நிறுத்திவைக்கிறேன் என்று தன் அதிகாரத்தில் ஓர் அறிவிப்பு. அதன்படி பிரசங்கியாருக்கு ஒரு சீட்டு, கூடும் இடத்துக்கு ஒரு சீட்டு. பன்யனுக்கும் அந்த மே மாதம் கிடைத்தது. குருமாரே வைத்துக்கொள்ளாத சபையாரான குவேக்கர்கள் விண்ணப்பிக்கவே இல்லை. கடவுள் பேசச் சொல்வதற்கு ராஜாவின் முத்திரை எதற்கு என்பது அவர்கள் கட்சி. அடுத்த வருடமே பாராளுமன்றம் மிரட்ட, ராஜா அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இது தயவு, உரிமை என்று சொல்ல வழியில்லை. 'அரச சலுகைச் சீட்டு' என்றே எழுதலாம்.

1689க்குப் பிறகு வந்தது மூன்றாவது வகை. கூடும் இடத்தை ஆயரிடமோ உள்ளூர் நீதிபதிகளிடமோ பதிவு செய்யவேண்டும், போதகர் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திடவேண்டும். இதற்குத்தான் 'உரிமம்', 'பதிவு' என்ற நம் அரசு அலுவலகச் சொற்கள் அப்படியே பொருந்துகின்றன.

இந்த மூன்றாவது வகையை வைத்துத்தான் வர்ஜீனியாவில் அடிதடி. அங்கே பாப்திஸ்துகள் இரண்டு அணி. ரெகுலர் பாப்திஸ்துகள் உரிமம் வாங்கிக்கொண்டு பிரசங்கித்தார்கள். செபரேட் பாப்திஸ்துகளில் பலர் வாங்கவே மாட்டோம் என்றார்கள். வாங்கப் போனவர்களுக்கும் பாடு லேசாக இல்லை. தலைநகரில் உள்ள பொது நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும், இன்ன இடத்தில் மட்டும் என்று எழுதித்தான் தருவார்கள்; ஊர் ஊராகப் போகும் ஆளுக்கு அது காலில் கட்டை. டேவிஸ் மேல் வந்த சண்டையே ஒரு போதகர் எத்தனை கூடங்களில் பேசலாம் என்பதுதான்.

1768 ஜூனில் ஸ்பாட்சில்வேனியாவில் ஜான் வாலர், லூயிஸ் கிரெய்க் முதலானோரைப் பிடித்தபோது போட்ட வழக்கு மதக் குற்றமே இல்லை, அமைதியைக் குலைத்தார்கள் என்பது. ஒரு வருடமும் ஒரு நாளும் இந்தக் கவுன்டியில் பிரசங்கிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் விடுகிறோம் என்றார்கள். மறுத்துச் சிறைக்குப் போய் ஜன்னல் கம்பி வழியாகப் பேசினார்கள். வர்ஜீனியாவில் அடுத்த சில ஆண்டுகளில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. பக்கத்துக் கவுன்டிச் சிறையில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் மதக் கருத்துக்காக அடைபட்டிருக்கிறார்கள் என்று 1774 ஜனவரியில் நண்பருக்குக் கொதித்துப்போய் எழுதினார், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான இளைஞர் ஜேம்ஸ் மாடிசன். ஜெஃபர்சன் எழுதிவைத்திருந்த மதச் சுதந்திரச் சட்டத்தை 1786இல் வர்ஜீனியச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியவரும் அவரே.

இதைப் படிக்கிற மாணவனுக்கு 'உரிமமிலி' என்று ஒரு சொல் போதுமா? விண்ணப்பித்துக் கிடைக்காதவனும், கொள்கையாகவே விண்ணப்பிக்காதவனும் ஒன்றாகிவிடுவார்களே. முதல் ஆளுக்கு 'உரிமம் பெறாத', இரண்டாவது ஆளுக்கு 'உரிமம் மறுத்த' என்று அடைமொழியைப் பிரித்தால் போதும். தனிச் சொல் தேவையில்லை.

> கன்வென்டிகிளுக்கு 'மறைவுக் கூட்டம்' சரியாக இருக்கும் போலிருக்கிறதே.

எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தின் 1664 கன்வென்டிகிள் சட்டம் கணக்கு வைத்தது தலைகளை: வீட்டார் போக, பதினாறு வயது நிறைந்தவர்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேறு முறை வழிபாட்டுக்குக் கூடினால் குற்றம். ஒளிந்து கூடினார்களா வெளிச்சத்தில் கூடினார்களா என்பது கேள்வியே இல்லை. 1670இல் வந்த இரண்டாம் சட்டம் கேட்பவருக்கு 5 ஷில்லிங், பேசுபவருக்கு 20 பவுண்டு அபராதம் போட்டு, துப்புக் கொடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றது. (துப்புக் கொடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டவர்கள் கிளம்பியதில் ஆச்சரியமில்லை.) அதே வருட ஆகஸ்டில் குவேக்கர் கூடத்தைப் படைவீரர்கள் மறித்து நின்றபோது வில்லியம் பென் லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் நின்றே பேசினார். நட்டநடுத் தெருவில் என்ன மறைவு? அவரைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரிகளைச் சோறு தண்ணீர் இல்லாமல் அடைத்துவைத்த கதையைச் சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். அப்புறம் 1689 சட்டம் ஒரு நிபந்தனை போட்டது: கூட்டம் நடக்கும்போது கதவைப் பூட்டக்கூடாது, தாழிடக்கூடாது.

நார்வேயில் 1741இல் வந்த ஆணையும் முழுத் தடை இல்லை. பங்கு குருவுக்குத் தெரிந்து, அவர் பார்வையில் கூடினால் சரி. அதைப் போட்ட டென்மார்க்-நார்வே அரசர் ஆறாம் கிறிஸ்டியன், சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய நான்காம் ஃபிரெடெரிக்கின் மகன். அவரே லுத்தரன் சபைக்குள் எழுந்த பக்தி இயக்கத்தில் (பயட்டிசம்) ஊறியவர். வீட்டு ஜெபத்தில் வளர்ந்த இயக்கம் அரண்மனைக்குள் வந்ததும் வீட்டு ஜெபத்துக்கு மேற்பார்வை கேட்டது! ஹௌகேயை 1804இல் உள்ளே தள்ள உதவிய அந்த ஆணை 1842இல்தான் நீங்கிற்று.

ஆக, இந்தக் கூட்டங்கள் திருச்சபை ஒழுங்குக்குப் புறம்பானவை, அவ்வளவே. நம் சபைகளில் 'கூடுகை' உயிரோடு புழங்கும் சொல். 'புறக்கூடுகை' என்றால் பொருள் நேராக வருகிறது, 'புறக்கூடுகைச் சட்டம், 1664' என்று எழுதவும் உறுத்தாது. புறச்சமயம், புறம்பேசுதல் நினைவு வரும் என்று தனிமடலில் ஓர் அம்மையார் எழுதியிருந்தார். புறநகர், புறநோயாளி எல்லாம் தினமும் எழுதுகிறோமே, பழகிவிடும்.

ஆக என் வாக்கு: டிஸ்ஸென்டருக்கு இணங்காச் சபையார், லே பிரீச்சருக்குப் பொதுநிலைப் பிரசங்கியார், கன்வென்டிகிளுக்குப் புறக்கூடுகை, லைசென்ஸ் மட்டும் காலத்துக்கேற்ப இசைவு, சலுகைச் சீட்டு, உரிமம். 'பிரசங்கியார்' கத்தோலிக்க வாசகருக்கு அந்நியமாகப் படும், 'மறையுரையாளர்' வேண்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வயல்வெளியிலும் சிறை ஜன்னலிலும் நின்று பேசியவர்களுக்கு 'மறையுரை' கொஞ்சம் பீடத்து வாசனை அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாமா?