கிறிஸ்துமஸுக்கு பெங்களூரிலிருந்து நாகர்கோவில்: காரில் எப்போது கிளம்பலாம்?

கேள்வி:
ரயிலில் 60 நாளுக்கு முன்பே, முன்பதிவு திறந்த அன்றே முயன்றும் வெயிட்டிங் லிஸ்ட்தான். அதனால் டிசம்பர் 23 அன்று காரில் போகிறோம். 650 கிலோமீட்டருக்கு மேல். மனைவி, நான்கு வயது மகள், கூடவே என் அம்மா, அவருக்கு மூட்டு வலி. இரவு கிளம்பலாமா, விடியற்காலையிலா?

ஓசூர்வாசி:
இரவு வேண்டாம் நண்பரே. கிருஷ்ணகிரி பக்கம் மார்கழிப் பனி இருந்தால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கே தெரியாது. அப்புறம் தொப்பூர் இறக்கம், அதைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்: பிரேக்கை மட்டும் நம்பாமல் மூன்றாவது கியரிலேயே இறங்குங்கள், லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகவே போகாதீர்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் தொப்பூர் வரும்போது நன்றாக விடிந்திருக்கும்.

குமரிப்பெண்:
அண்ணா, அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்க. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறக்கி நாலு அடி நடக்க விடணும். போன வருஷம் நாங்க நிறுத்தாம ஓட்டி, என் மாமியாருக்குக் கால் வீங்கி பண்டிகை முழுக்கக் கட்டிலிலேயே இருந்தாங்க, இன்னும் மனசு கேட்கல. முடிஞ்சா மதுரையில் ஒரு ராத்திரி தங்குங்க.

கேள்வி கேட்டவர்:
சரி, மதுரையில் தங்குகிறோம். அம்மாவிடம் சொன்னேன், மீனாட்சியைப் பார்க்கலாமே என்று இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டார்.

குமரிப்பெண்:
முப்பந்தல் காற்றாலை வரும்போது பாப்பாவை எழுப்பிவிடுங்க!