கணக்கர் வேலைக்கான கவர் லெட்டர்: எங்கே தவறுகிறேன்?

நிலுவைப்பட்டியல்:
வணக்கம். கணக்கு உதவியாளராக 4 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததால் வேலையை விட்டுவிட்டு 2 ஆண்டுகள் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டேன். இப்போது அவர் தேறிவிட்டார். நான் மீண்டும் வேலை தேடுகிறேன். இதுவரை 23 இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஓர் இடத்திலிருந்துகூட நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. சுயவிவரக் குறிப்பைத் தெரிந்தவர்கள் இருவர் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றார்கள். எனவே கவர் லெட்டர் மீதுதான் சந்தேகம். அதன் தொடக்கம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் கணக்கர் பணியிடம் காலியாக இருப்பதாக அறிந்தேன். நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள், குழுவோடு இணைந்து பணியாற்றக்கூடியவள். என் திறமைகளை வளர்த்துக்கொள்ளத் தங்கள் நிறுவனம் நல்ல வாய்ப்பாக அமையும் என்று நம்புகிறேன்."

2 ஆண்டு இடைவெளியைச் சொல்வதா, விடுவதா என்பதும் குழப்பமாக இருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பச்சைமை:
சகோதரி, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகள் விண்ணப்பங்களைப் படித்துப் பிரித்தவன் நான். உங்கள் கடிதத்தில் தவறான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கீழே உள்ள பெயரை அழித்துவிட்டு வேறு யார் பெயரை எழுதினாலும் அது அப்படியே பொருந்தும். நேர்மையானவள் என்கிறீர்கள், நேர்மை இல்லாதவரும் அதே சொல்லைத்தான் எழுதுவார். படிப்பவர் எதைக் கொண்டு உங்களைப் பிரித்தறிவார்?

கடைசி வாக்கியத்தை இன்றே எடுத்துவிடுங்கள். உங்கள் திறமையை வளர்ப்பதற்காக அவர்கள் விளம்பரம் கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்க ஆள் இல்லாமலோ, சப்ளையர்கள் பணம் வரவில்லை என்று தொலைபேசியில் துளைப்பதாலோ கொடுத்திருப்பார்கள். அந்த விளம்பரத்தைப் பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். ஒரே வேலை இரண்டு இடத்தில் வேறு வேறு சொற்களில் வந்தால், அவர்களுக்கு வலிக்கிற இடம் பெரும்பாலும் அதுதான். அங்கே தொடங்குங்கள்.

பிறகு உங்கள் 4 ஆண்டுகளிலிருந்து ஒரே ஒரு நாளை நினைவுபடுத்திப் பாருங்கள். ஏதோ ஒன்று சரியில்லை என்று உங்களுக்குப் பட்டு, நீங்களே தோண்டிப் பார்த்த நாள். அதை இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.

வரைபலகை:
வேலை கேட்டு எழுதப்பட்ட பழைய கடிதம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1482 வாக்கில் லியனார்டோ டா வின்சி மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதியது. வரைவு இன்றும் இருக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் முறை, மூடிய போர் வண்டிகள் என்று எண் போட்டு அடுக்குகிறார். சிற்பமும் ஓவியமும் கடைசியில்தான் வருகின்றன. படிக்கப்போகிறவரின் கவலை எதுவோ, அது முதலில் வந்துவிடுகிறது.

பச்சைமை:
அருமையான எடுத்துக்காட்டு. வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். பத்துத் திறமைகளை அடுக்கினால் கணக்கர் வேலைக்கு ஆள் தேடுகிறவர் மூன்றாவதிலேயே நின்றுவிடுவார். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முக்கால் பக்கமே போதும்.

மறுதொடக்கம்:
இடைவெளி பற்றி: நானும் 3 ஆண்டுகள் விட்டுத் திரும்பியவள். கடிதத்தில் அதைத் தொடவே வேண்டாம், நேர்காணலில் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பச்சைமை:
இதில் நான் மாறுபடுகிறேன். தேதிகள் சுயவிவரக் குறிப்பிலேயே இருக்கின்றன; கணக்குப் பிரிவில் இருப்பவர் பார்த்த உடனே கழித்துப் பார்த்துவிடுவார். காரணம் தெரியாவிட்டால் தானாகவே ஒன்றை நினைத்துக்கொள்வார். "குடும்பத்தில் ஒருவரின் உடல்நலத்துக்காக 2 ஆண்டுகள் விலகியிருந்தேன், இப்போது முழு நேரப் பணிக்குத் தயாராக இருக்கிறேன்." இவ்வளவு போதும். நோயின் பெயர் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். தாயைப் பார்த்துக்கொண்டதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? கடிதத்தின் பின்பகுதியில் வரட்டும்.

நிலுவைப்பட்டியல்:
நன்றி ஐயா. நேற்று இரவு உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று நினைவுக்கு வந்தது. வந்த விளம்பரம் ஒன்றில் 'சப்ளையர் கணக்குகளைச் சரிபார்த்தல்' இரண்டு முறை இருந்தது. எனவே இப்படி எழுதினேன்:

"தங்கள் விளம்பரத்தில் சப்ளையர் கணக்குகளைச் சரிபார்க்கும் பணி முதன்மையாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. என் முந்தைய பணியில், ஒரே சப்ளையரின் பெயர் முதலெழுத்துக்குப் பின் புள்ளியோடு ஒரு முறையும் புள்ளி இல்லாமல் ஒரு முறையும் பதிவாகியிருந்தது கண்டறியப்பட்டது. தொகை வாரியாக வரிசைப்படுத்திப் பார்க்கப்பட்டதில் 6 பில்களுக்கு இரண்டு முறை பணம் சென்றது தெரியவந்தது. அத்தொகை திரும்பப் பெறப்பட்டது."

பச்சைமை:
படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் புள்ளி ஒன்றே போதும். அதை யாரும் கற்பனை செய்து எழுத முடியாது. உங்கள் கண் எப்படிப்பட்டது என்று அது காட்டிவிடுகிறது, 'கவனமானவள்' என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆனால் கண்டறியப்பட்டது, பார்க்கப்பட்டது, பெறப்பட்டது என்கிறீர்களே, யார் செய்தது? நீங்கள்தானே? தன்னைச் சொல்லக் கூச்சப்பட்டு நம்மில் பலர் இந்த 'பட்டது'வுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம். "கண்டறிந்தேன்", "தொகை வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தேன்" என்று மாற்றுங்கள். பணத்தைத் திரும்பப் பெற்றது மேலாளர் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்: "மேலாளரிடம் தெரிவித்தேன், அவர் பேசித் தொகையைத் திரும்பப் பெற்றார்." நேர்காணலில் முதலில் இதைத்தான் துருவிக் கேட்பார்கள், நடந்தபடி எழுதியிருந்தால் நடந்தபடி சொல்லிவிடலாம். பழைய நிறுவனத்தின் சப்ளையர் பெயர் மட்டும் எங்கும் வரக் கூடாது.

அனுப்பும் முன் நிறுவனத்தின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். போன விண்ணப்பத்தில் இருந்த பெயரோடு வந்த கடிதங்கள் எங்கள் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன.

நிலுவைப்பட்டியல்:
மூன்று 'பட்டது'வையும் எடுத்துவிட்டேன். திரும்பப் பெற்றது மேலாளர்தான், அதையும் சேர்த்துவிட்டேன். இன்று மாலை அனுப்புகிறேன்.