தம்பதிகளாக ஆலோசனைக்குச் செல்லும்முன் ஆலோசகரிடம் என்ன கேட்க வேண்டும்?

சத்துவாச்சாரி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நான் காட்பாடியில் ஆசிரியை. எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆனால் மகனின் படிப்பு, வீட்டுக் கடன், மாமியாரின் மருந்து ஆகியவற்றைத் தவிர வேறு பேச்சே அற்றுப்போய் நெடுநாளாகிறது. இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசியபோது, தவறு யார் மீது என்பதே முதன்மையாகிவிட்டதால், நாங்கள் முன்னைவிட ஒதுங்கிக்கொண்டோம். இப்போது ஆலோசகரிடம் செல்லலாம் என்று அவரே சொல்கிறார். அப்படிப்பட்டவர் என்ன படித்திருக்க வேண்டும்? ஒருவர் பக்கம் சாய்ந்துவிடுவாரா? தெருவுக்கு ஓர் உறவினர் இருக்கும் இந்த ஊரில் நாங்கள் பேசுவது வெளியே போகாதா?

பாலாற்றங்கரை:

அம்மா, நான் மருத்துவ உளவியல் படித்து வேலூரில் பணிபுரிபவள். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, மருந்து எழுதித் தரக்கூடியவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலில் முதுகலை முடித்து, மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர். அந்தப் பதிவு எண்ணை நீங்கள் தயங்காமல் கேட்கலாம். ‘ஆலோசகர்’ என்ற பெயரில்தான் கவனம் தேவை. முறையாகப் பல ஆண்டுகள் பயின்றவரும், சில மாதச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் அதே பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

படிப்பைவிட நான் கூடுதலாகக் கேட்கச் சொல்வது, தம்பதிகளோடு பணிபுரியத் தனியாகப் பயிற்சி பெற்றிருக்கிறாரா என்பதே. ஒருவருடைய பதற்றத்தையோ மனச்சோர்வையோ திறம்படக் கையாளும் ஒருவர், எதிரும் புதிருமாக அமர்ந்திருக்கும் இருவரிடையே தடுமாறக்கூடும். தனிநபருக்குப் பெரிதும் பயன்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, 1960களில் ஆரன் பெக் உருவாக்கியது. நம்மை வருத்தும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்க அது கற்றுத்தரும். தம்பதிகளுக்கு 1980களில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் வகுத்த உணர்வை மையப்படுத்திய முறை வேறு இடத்தில் தொடங்குகிறது. ஒருவர் துருவிக் கேட்க, மற்றவர் வாயை மூடிக்கொள்ள, அதனால் முதலாமவர் இன்னும் கடுமையாகக் கேட்க, இப்படி ஓடும் சுழற்சியையே அது எதிரியாகக் கொள்கிறது. இருவரில் எவரையும் அல்ல. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இரகசியத்தைப் பொறுத்தவரை, மனநலச் சிகிச்சை பெறுபவருக்கு அந்த உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அளித்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகளை நல்ல ஆலோசகர் முதல் நாளிலேயே விளக்கிவிடுவார். உறவினர் கண்ணில் படக்கூடாது என்றால் காணொளி வழியாகவும் சந்திக்கலாம்.

குடியாத்தம் அன்பர்:

சகோதரி, நானும் என் மனைவியும் சென்று வந்தவர்கள் என்பதால் எழுதுகிறேன். எங்கள் ஆலோசகர் முதலில் இருவரையும் சேர்த்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்தார். தனியாகச் சொல்வதில் எதை மற்றவருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வார், எதை வைத்துக்கொள்ள மாட்டார் என்பதை அதற்கு முன்பே சொல்லிவிட்டார். இதை நீங்களும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நான் கடைக் கணக்கைப் போல மனைவியின் குறைகளை அடுக்கியபோது என்னை நிறுத்தி, மனைவி சற்றுமுன் சொன்னதை என் வாயால் திரும்பச் சொல்லச் சொன்னார். என்னால் இயலவில்லை. நான் கேட்டிருக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீர்ப்பு எதையும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மறுமுறை சென்றிருக்க மாட்டேன்.

ஆம்பூர் வழக்கறிஞர்:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குடும்ப நீதிமன்றத்தில் நடக்கும் ஆலோசனையை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, இணக்கம் காண முயல்வது நீதிமன்றத்தின் கடமை. அது வழக்கு தொடுத்தவர்களுக்கானது. நீங்கள் கேட்பது வழக்கு எதுவும் இல்லாதபோதே செல்லக்கூடியது. இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது அடியோ மிரட்டலோ இருந்தால், இருவரும் சேர்ந்து அமரும் ஆலோசனை முதல் வழி அல்ல. அங்கே மனம்திறந்து பேசியதற்காகவே வீட்டில் அடி விழக்கூடும். அவர்கள் முதலில் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

சத்துவாச்சாரி வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. பதிவு எண், தம்பதிகளுக்கான பயிற்சி, தனிச் சந்திப்பின் விதி ஆகியவற்றைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுகிறேன். சில சந்திப்புகளுக்குப் பின் என் கணவர் வரமாட்டேன் என்றால் நான் மட்டும் தொடரலாமா?

பாலாற்றங்கரை:

தொடரலாம் அம்மா. ஆனால் அதே ஆலோசகரிடம் தனியாகத் தொடர்ந்தால், பின்னாளில் உங்கள் கணவர் திரும்பி வரும்போது அந்த ஆலோசகரை உங்கள் ஆளாகவே பார்ப்பார். ஆகவே தனி ஆலோசனைக்கு வேறொருவரைப் பரிந்துரைக்கச் சொல்லுங்கள். அதுவரை அவசரமாகப் பேச வேண்டியிருந்தால், அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.