முதுகுத்தண்டு அடிபட்டவருக்குப் பயிற்சி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி. திசையன்விளைப் பக்கம் பனையேறும் எங்கள் அத்தான் சித்திரையில் பதநீர் இறக்கப் போய் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். முதுகுத்தண்டில் அடி, ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம், இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. கையில் மட்டும் பனையேறிய பலம் அப்படியே இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் அக்காவிடம் சொல்லவில்லை, இப்போது படுக்கைப்புண் வந்துவிட்டது, அதுதான் மனசு ஆறவில்லை.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் அமர் சேவா சங்கத்தில் கேட்கலாம் என்றிருக்கிறோம். 1981-ல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் ஐயாவே தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தவர் என்று சொன்னதும், பல நாளைக்கு அப்புறம் அத்தான் முகம் நிமிர்ந்து கேட்டார்.

அங்கே தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? புண் ஆறினால்தான் சேர்ப்பார்களா, அக்கா கூடத் தங்கலாமா, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாற உங்களுக்கு எத்தனை நாள் பிடித்தது? அப்புறம், சிறுநீருக்கு நிரந்தரக் குழாயை எடுத்துவிட்டு நேரத்துக்கு நேரம் தானே குழாய் விட்டு எடுக்கப் பழகிய அண்ணாச்சி யாராவது அத்தானிடம் போனில் பேசுவீர்களா? எங்களிடம் கேட்கக் கூச்சப்படுகிறார்.