கொரங்காட்டில் புல்விதை சேர்க்கும் எறும்பு: இது எந்தப் பேரினம்?

கேள்வி: காங்கயம் பக்கத்து விவசாயி

அனைவருக்கும் வணக்கம். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் எங்களுக்குக் கொஞ்சம் கொரங்காடு, அதாவது மாடு மேயும் புல்நிலம், இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், நிலம் முழுக்கக் கொழுக்கட்டைப் புல். புல் கதிர் முற்றும் பருவத்தில் ஒரு வகை எறும்பு சாரை சாரையாக விதைகளை இழுத்துச் செல்வதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். எறும்பின் தலையும் மார்பும் செம்பழுப்பு, வயிறு கறுப்பு. வளையின் வாயைச் சுற்றி, நெல் தூற்றிய களத்தில் பதர் ஒதுங்கிக் கிடப்பதைப் போல, உமியும் சுணையும் ஒரு முழ அகலத்துக்கு வட்டமாகக் கிடக்கின்றன. சாரை ஓடும் தடத்தில் புல் அற்றுப் போய் மண் வழுவழுப்பாகிவிட்டது.

இணையத்தில் 'அறுவடை எறும்பு' என்று தேடினால் போகோனோமிர்மெக்ஸ் என்ற பெயரும் மெஸ்ஸோர் என்ற பெயரும் மாறி மாறி வருகின்றன. எங்கள் நிலத்து எறும்பு இவற்றில் எது? இரண்டும் இல்லை என்றால் வேறு எது?

பதில்: கோவை, பூச்சியியல் மாணவி

வணக்கம் ஐயா. இரண்டும் இல்லை. போகோனோமிர்மெக்ஸ் முழுக்க முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்கு உரிய பேரினம். மெஸ்ஸோர் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்டது. மத்தியதரைக்கடல் நாடுகள், ஆப்பிரிக்கா, நடு ஆசியா எனப் பரவி, நம் நாட்டில் வடமேற்குப் பகுதிகளிலும் இமயத்தை ஒட்டியும் காணப்படுவது. தாங்கள் சொல்லும் நிறத்தையும் பதர் வட்டத்தையும் வைத்துப் பார்த்தால் ட்ரைக்கோமிர்மெக்ஸ் என்ற பேரினமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் ஸ்காப்ரிசெப்ஸ், கிரினிசெப்ஸ், கிளேபர் ஆகிய சிற்றினங்கள் இந்தியாவில் விதை சேர்ப்பவை. ஸ்காப்ரிசெப்ஸ் இலங்கையிலும் உண்டு.

பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. ஸ்காப்ரிசெப்ஸ், கிரினிசெப்ஸ் இரண்டையும் 1879இல் ஆஸ்திரிய அறிஞர் குஸ்தாவ் மாயர் ஹோல்கோமிர்மெக்ஸ் என்ற புதிய பேரினத்தில் வைத்து விவரித்தார். முன்னதற்குச் 'சொரசொரத் தலை' என்றும் பின்னதற்கு 'மயிர்த் தலை' என்றும் பொருள். 1966இல் அந்தப் பேரினம் மோனோமோரியத்துக்குள் அடக்கப்பட்டது. எறும்பு ஆய்வாளர் பிலிப் வார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் மரபணுவை ஒப்பிட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வு, இந்த எறும்புகளுக்கும் மோனோமோரியத்துக்கும் நெருங்கிய உறவு இல்லை என்று காட்டி, மாயரே 1865இல் இட்டிருந்த ட்ரைக்கோமிர்மெக்ஸ் என்ற பழைய பெயரை மீட்டு அதன் கீழ் இவற்றைக் கொண்டுவந்தது. ஆகவே ஒரே எறும்பைப் பழைய நூல்களிலும் புதிய பட்டியல்களிலும் மூன்று பெயர்களில் பார்ப்பீர்கள். அவற்றை மூன்று எறும்புகள் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெய்டோலே பேரினத்திலும் விதை சேர்ப்பவை உண்டு. மழையில் நனைந்த விதைகளை எறும்பு வெளியே கொண்டுவந்து வெயிலில் உலர்த்துவதைப் பூனாவில் கவனித்து ஆங்கிலேய ராணுவ அதிகாரி சைக்ஸ் 1835இல் விவரித்தது அந்தப் பேரினத்து எறும்பைத்தான். கைலென்ஸ் இருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். மார்பின் பின்முனையில் முள் போல இரண்டு நீட்சிகள் இருந்தால் பெரும்பாலும் பெய்டோலே. ட்ரைக்கோமிர்மெக்ஸில் அந்த இடம் முள்ளில்லாமல் உருண்டிருக்கும். அடுத்து, ஒரே சாரையில் உள்ள எறும்புகளின் பருமனைப் பாருங்கள். பெய்டோலேயில் பொதுவாகச் சிறியது, பெருந்தலையுடையது என இரண்டே அளவு. ட்ரைக்கோமிர்மெக்ஸில் சிறியதிலிருந்து பெரியது வரை எல்லா அளவும் படிப்படியாக இருக்கும்.

பதில்: சத்தியமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

மாணவி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 'அறுவடை எறும்பு' என்பது தொழிலை வைத்து இட்ட பெயரே தவிர, உறவை வைத்து இட்ட பெயர் அன்று. மிர்மிசினே என்னும் ஒரே துணைக்குடும்பத்துக்குள் மெஸ்ஸோர் ஒரு குலம், போகோனோமிர்மெக்ஸ் வேறொரு குலம், பெய்டோலே மற்றொன்று. நம் ட்ரைக்கோமிர்மெக்ஸ், தொட்டால் வயிற்றை முதுகுக்கு மேல் தூக்கிக் காட்டுகிறதே, அந்த மரத்து எறும்பு இருக்கும் குலத்தைச் சேர்ந்தது. வறண்ட நிலத்தில் ஆண்டு முழுவதும் கெடாமல் இருக்கும் உணவு விதைதான் என்பதால், ஒன்றுக்கொன்று தொலைவான எறும்புகள் தனித்தனியே இந்தப் பிழைப்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆங்கிலேய மருத்துவரும் இயற்கையியலாளருமான ஜெர்டன் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டு 1851இல் விவரித்த டெஸ்ட்ரக்டர் என்ற எறும்பும் இன்று ட்ரைக்கோமிர்மெக்ஸில்தான் இருக்கிறது. அது வீட்டுக்குள் புகுந்து தின்பண்டத்தை மொய்ப்பது, மின்கம்பியின் உறையைக் கடிப்பது. கொரங்காட்டுச் சேமிப்பாளிக்கு அதுதான் நெருங்கிய உறவு. பழக்கத்தை மட்டும் பார்த்து வகைப்படுத்தினால் எவ்வளவு தவறிப் போவோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பரவலைப் பொறுத்தவரை, நான் இவற்றைப் பார்த்ததெல்லாம் வெயில் விழும் திறந்த நிலத்தில்தான்: பவானிசாகர் பக்கத்துப் புறம்போக்கு, மானாவாரிக் கம்பங்காட்டு வரப்பு, வண்டித்தடத்தின் ஓரம். வாய்க்கால் பாசனத்தில் ஈரம் காயாத வயலுக்குள் ஒரு வளையைக்கூடக் கண்டதில்லை. பஞ்ச காலத்தில் எறும்பு வளையை நோண்டிப் புல்லரிசி எடுத்துக் கஞ்சி காய்ச்சினார்கள் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வளைகளும் மேட்டுக்காட்டில் இருந்தவையே.

பதில்: கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை ஏழு மணிக்கே போய், மகனின் கைலென்ஸை வைத்துக்கொண்டு வளையருகே ஒரு மணி நேரம் குந்தியிருந்தேன். மார்பின் பின்முனையில் முள் இல்லை. பருமன் படிப்படியாகத்தான் இருக்கிறது. இரண்டே அளவு என்று பிரிக்க முடியவில்லை. பெரிய எறும்பின் தலையில், சீப்பால் வாரியதைப் போல நெடுக மெல்லிய கோடுகள் தெரிகின்றன. ஒன்று தன்னைவிட நீளமான கொழுக்கட்டைப் புல் விதையைச் சுணையோடு இழுத்து வந்தது. வளை வாயில் சுணை மாட்டிக்கொள்ள, பின்னோக்கி நடந்து, விதையைத் திருப்பிப் பிடித்து உள்ளே போனது. சற்று நேரத்தில் வேறொன்று வெறும் உமியைக் கொண்டுவந்து வட்டத்தின் ஓரத்தில் போட்டுவிட்டுத் திரும்பியது.

மாடுகளுக்கான புல்விதையை இவை தீர்த்துவிடுமோ என்று எங்கள் வீட்டில் கவலைப்படுகிறார்கள். மருந்து அடிக்க எனக்கு மனமில்லை. சிற்றினத்தை உறுதி செய்ய நான் என்ன அனுப்ப வேண்டும்?

பதில்: கோவை, பூச்சியியல் மாணவி

தாங்கள் கண்ட கோடுகள் ஸ்காப்ரிசெப்ஸுக்குப் பொருந்துகின்றன. கிளேபர் என்றால் வழுவழுப்பானது என்று பொருள், எனவே அதை ஒதுக்கிவிடலாம். கிரினிசெப்ஸா என்பதை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரே சாரையிலிருந்து சிறியது, நடுத்தரம், பெரியது என ஏழெட்டு எறும்புகளை எடுத்து, சிறு கண்ணாடிக் குப்பியில் எரிசாராயம் ஊற்றி அதில் போடுங்கள். ஊர், நாள், மண் வகை, அருகில் இருந்த புல் ஆகியவற்றைத் தாளில் பென்சிலால் எழுதி அதே குப்பிக்குள் இடுங்கள். பேனா மை கரைந்துவிடும். மருந்து வேண்டாம் ஐயா. வழியில் தவறவிட்ட விதையும், பதரோடு வெளியே வந்து விழும் முழு விதையும் அடுத்த மழைக்கு அங்கேயே முளைக்கக்கூடும். மழைக்குப் பிறகு பதர் வட்டத்தின் ஓரத்தில் எத்தனை புல் முளைத்திருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள், அதையும் சேர்த்துப் பார்ப்போம்.