பொறுத்துப்போன லட்சுமியும் பாகவந்தியும்

நான் திரைக்கதை வசனம் எழுதிய பழைய தொடர் ஒன்று. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மா அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கணவனின் குடியையும் மாமியாரின் ஏச்சையும் வாய் திறக்காமல் தாங்கும் லட்சுமி அதில் ஒரு பாத்திரம். அவளைப் பார்த்து வளரும் மகள், 'நான் இப்படி வாழ மாட்டேன்' என்று முடிவெடுப்பதுதான் கதை. அந்த அம்மாவுக்கு மகளின் பெயர்கூட நினைவில் இல்லை. "லட்சுமியை நினைத்துத்தான் தம்பி, நானும் பொறுத்துக்கொண்டேன்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடருக்கும் இதேதான் நடந்தது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. மெக்சிகோ தொடர்களைப் பார்த்து, குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் நிலை ஆகியவற்றை மக்களிடம் கொண்டுசெல்லவே திட்டமிட்ட தொடர் அது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, நடந்ததை எடுத்துச் சொல்வார். அப்படியிருந்தும், குடிகாரக் கணவன் பசேசர் ராமுக்கு அடங்கிப்போகும் பாகவந்தியைப் பின்பற்றத்தக்க மனைவியாகவே எடுத்துக்கொண்ட பார்வையாளர்கள் பலர். பின்னர் நடந்த ஆய்வில் இது பதிவாகியிருக்கிறது.

வசனத்தால் இதைச் சரிசெய்ய முடியாது என்று உறுதியாக நம்புகிறேன். அழுகிறவருக்குத்தான் நாம் குளோசப் வைக்கிறோம், வயலின் சேர்க்கிறோம், 'தொடரும்' போடுவதற்கு முந்தைய ஷாட்டையும் அவருக்கே கொடுக்கிறோம். எதிர்த்துப் பேசும் மகளுக்குக் கிடைப்பது விளம்பர இடைவேளைக்கு முன் இரண்டு நிமிடம். வாரக்கணக்கில் ஒரு முகத்தையே பார்த்த வீடு அந்த முகத்தின் பக்கம்தானே சாயும்? அசோக் குமார் சொல்லியே மாறாததை, கடைசிப் பகுதியில் மகள் பேசும் நான்கு வரியா மாற்றும்?

இப்போது எழுதும் தொடரில், வீட்டை விட்டு வெளியேறும் பெண் வாடகை அறை தேடுவதற்கும், அட்வான்ஸ் கொடுக்க வளையலை அடகு வைப்பதற்கும், முதல் சம்பளத்தில் கேஸ் அடுப்பு வாங்குவதற்கும் தனித்தனியாக முழுக் காட்சிகள் எழுதியிருக்கிறேன். அவளுடைய தாய் அழும் காட்சிகளை இன்னும் கூட்டச் சொல்கிறார்கள். மறுத்துவருகிறேன். தொடர் எழுதும் மற்ற நண்பர்களே, வழியில் நிறுத்திப் பேசுகிறவர்கள் உங்கள் பாத்திரங்களில் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்?