பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பொது இடமாக்கலாமா?

வேலியோரம்:
எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஆறு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. எல்லாரும் கனடா, லண்டன். ஒரு வீட்டில் ஆலங்கன்று முளைத்துக் கிணற்றுக்கட்டே பிளந்துவிட்டது. பெடியளுக்கோ கூடியிருந்து படிக்க, நாடகம் பழக இடமில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1971இல் கைவிட்ட இராணுவ முகாமுக்குள் சனம் புகுந்து, தாங்களே நடத்தும் கிறிஸ்டியானியா என்ற குடியிருப்பை உண்டாக்கியது. முதலாளியும் இல்லை, தலைவரும் இல்லை, பொதுக்கூட்டத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. இங்கே ஏன் முடியாது?

மயிலிட்டியான்:
மிச்சக் கதையையும் சொல்லுங்கள். 2012இல் அந்தக் காணியை அவர்கள் அரசிடம் விலைக்கு வாங்கவேண்டி வந்தது. நெதர்லாந்தில் 2010இலிருந்து வெற்றுக் கட்டடம் பிடிப்பதே குற்றம். அதை விடுங்கள். 1990இல் போரில் ஓடிய நாங்கள், இராணுவம் காணியை விட்ட பிறகு 2017இல்தான் வளவை மிதித்தோம். வீடு இல்லை, அத்திவாரம் மட்டும். 'சும்மா கிடக்கிற காணி' என்றாலே எனக்கு வயிறு எரியும்.

வேலியோரம்:
அண்ணை, துவக்கோடு வந்தவனையும் புத்தகத்தோடு வருகிற பெடியனையும் ஒன்றாக்கலாமா?

மயிலிட்டியான்:
காணி உறுதி வைத்திருப்பவனுக்கு இரண்டு பேரும் கேட்காமல் வந்தவர்கள்தான். இன்றைக்குப் புத்தகம், பத்து வருடம் போனால் 'இவ்வளவு காலம் நாங்கள்தான் இருக்கிறோம், காணி எங்களுக்கே' என்று ஆட்சி உரிமை வழக்கு.

செம்பாட்டுமண்:
சட்டத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சொந்தக்காரரின் அனுமதியோடு இருப்பவர், அந்த இருப்பை மட்டும் காட்டி ஆட்சி உரிமை கோர முடியாது. அதனால் எழுத்தில் அனுமதி வாங்கினால் இரு பக்கத்துக்கும் காப்பு. போரால் காணியை மீட்க வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக, அந்தப் பத்து வருடக் கணக்கிலிருந்து 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கழித்துவிட இலங்கையில் 2016இல் தனிச் சட்டமே வந்தது.

ஆனால் என் சந்தேகம் வேறு. நாமே நடத்தும் இடம் நமக்குப் புதிதா? வாசிகசாலை, சனசமூக நிலையம் எல்லாம் வேறென்ன? எங்கள் ஊர் நிலையத்துக்கு ஒரு ஆச்சி காணி கொடுத்தா, ஊரே கல் சுமந்தது. இப்போது திறப்பு தலைவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பின்னேரம் பேப்பர் பார்க்கப் போனால், 'அவர் தோட்டத்துக்குப் போயிட்டார்' என்கிறார்கள். பெண்பிள்ளைகள் போவதே இல்லை. முதலில் அந்தத் திறப்பைக் கேளுங்கள்.

வேலியோரம்:
கேட்டோம், அக்கா. 'பொதுச்சபை கூடட்டும்' என்கிறார்கள். கடைசியாக எப்போது கூடியது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. கிணற்று வீட்டுக்காரருக்கும் வாட்ஸப் போட்டேன். நீலக் கோடு விழுந்து மூன்று நாள், பதிலைக் காணோம். இந்த மாதம் போனால் கேற்றைத் திறப்பம் என்றுதான் பெடியள் நிற்கிறார்கள்.

மயிலிட்டியான்:
திறந்தால் பொலிசுக்கு முதலில் போகிற ஆள் நான்தான், தம்பி.